இன்ஜின் அறையில் ஒரு கணக்கப்பிள்ளை: விசைப்படகுக்குக் கைவேலை மின்னணுப் பெட்டி

கேள்வி (ஏப்ரல் 8, 2025)

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு மர விசைப்படகு இருக்கிறது. இன்ஜின் சூடு, பாட்டரி, அடியில் தண்ணீர் ஏறினால் அலாரம், இருக்கும் இடம், வேகம், காற்று எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில் சிக்னல் கே (படகின் அளவுகளைத் திரட்டுவது), ஓப்பன்சிபிஎன் (கடல் வரைபடம் காட்டுவது) என்ற மென்பொருள்களைப் போட்டால் பாய்மரப் படகுக்காரர்கள் வைத்திருப்பது போல எல்லாமே கிடைத்துவிடும் என்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் செய்ய முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

ஏப்ரல் 9

செய்திருக்கிறேன், தூத்துக்குடியில், சித்தப்பாவின் படகில். போன வருடம் செய்த பெட்டி ஐந்தே மாதத்தில் செத்துப்போனது. இந்தத் தடைக்காலத்தில் திரும்பச் செய்யப் போகிறேன். அதனால் உங்கள் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது. வேலை நடக்க நடக்க இங்கேயே எழுதுகிறேன்.

முதலில், எல்லாம் ஒரே திரையில் என்ற ஆசையை விடுங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏழு சென்சார், லினக்ஸ் ஓடும் சின்ன கம்ப்யூட்டர், பத்து அங்குலத் திரை. கடலில் வீல்ஹவுஸில் அந்தத் திரையை யாரும் பார்க்கவில்லை. வெயிலில் அது தெரியவும் இல்லை. படகை ஓட்டும் ஸ்ராங்கு சொன்னது இதுதான்: "தம்பி, நம்பர் எல்லாம் நீ வச்சுக்கோ. எனக்கு ஒரு சிவப்பு லைட்டு போதும், தப்புன்னா எரியணும்." அவர் சொன்னதுதான் சரி என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஒன்றே ஒன்றுதான் அளக்க முடியும் என்றால், அடித்தண்ணீர் பம்பு ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை ஓடியது என்பதை அளப்பேன். தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை அல்ல. உயரம் தெரியும்போது வினை வந்துவிட்டது என்று பொருள். பம்பு ஓடிய கணக்கு பல நாள் முன்னாலேயே சொல்லிவிடும்.

இதற்கு இஎஸ்பி32 போர்டு ஒன்று போதும், ஒரே ஒரு புரோகிராமை ஓட்டும் சின்ன சில்லு போர்டு அது. நான் வாங்கும் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. லினக்ஸ் வேண்டாம்.

பாட்டரி அளக்க ஐஎன்ஏ219 சின்ன போர்டு வாங்குங்கள், வோல்ட்டும் ஆம்பியரும் இரண்டையும் தரும்.

ஏப்ரல் 10

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தப்பு. உங்கள் படகு 24 வோல்ட் என்று தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறீர்கள். ஐஎன்ஏ219 தாங்குவது 26 வோல்ட் வரைதான். 24 வோல்ட் பாட்டரி சார்ஜ் ஏறும்போது 28 வோல்ட்டைத் தாண்டும். முதல் நாளே சில்லு போய்விடும். ஐஎன்ஏ226 வாங்குங்கள், 36 வோல்ட் வரை தாங்கும். 12 வோல்ட் படகுக்கு 219 சரியே.

ஏப்ரல் 13

"ஏன் லினக்ஸ் வேண்டாம்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சிக்னல் கே, ஓப்பன்சிபிஎன் இரண்டும் அருமையான மென்பொருள், காசும் இல்லை. குறை அவற்றில் இல்லை, நம் படகின் கரண்டில் இருக்கிறது.

செல்ஃப் அடிக்கும் நொடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கும். பாட்டரி வோல்ட் அப்படியே விழும். 24 வோல்ட் பாட்டரி பழசாக இருந்தால் 16, 15 கூடப் பார்த்திருக்கிறேன். 12 வோல்ட் படகில் 8 வரை இறங்கும். அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் ஒரு நொடி செத்து மறுபடி எழக்கூடும். அது மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நடந்தால் கார்டு கெட்டுப்போகும். போன வருடம் எனக்கு இரண்டு கார்டு இப்படிப் போனது. இஎஸ்பி32 என்றால் அது விழுந்து எழ இரண்டு நொடிதான், கெட்டுப்போக உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

லினக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். அதற்கென்று தனியாக ஒரு சின்ன பாட்டரியும் வையுங்கள்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயர் லூசாகிக் கழன்றால் ஆல்டர்னேட்டர் பெரிய வோல்ட் உதையை விடும். அதற்கு, உதையைப் பிடித்து நிறுத்தும் 33 வோல்ட் டிவிஎஸ் டையோடு ஒன்று போட்டுவிட்டு, பின்னால் போர்டுக்கு ஏற்றபடி வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 கன்வெர்ட்டர் வையுங்கள். 40 வோல்ட் தாங்கும்.

பியூஸ்: 2 ஆம்பியர். பெட்டிக்குள் வைக்காதீர்கள், பாட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏழு அங்குலத்துக்குள் என்று அமெரிக்கப் படகுத் தரநிலை சொல்கிறது. காரணம் எளிது. பியூஸ் பாதுகாப்பது பெட்டியை அல்ல, பாட்டரியிலிருந்து பெட்டி வரை ஓடும் ஒயரை. டீசல் வாடை அடிக்கும் அறையில் அந்த ஒயர் எங்கேயாவது உரசித் தோல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் படாதீர்கள்.

ஏப்ரல் 14

மறுபடி திருத்தம். 33 வோல்ட் டிவிஎஸ் என்றால் 33-இல் நிறுத்திவிடும் என்று பொருள் இல்லை. உதை முழு வேகத்தில் வரும்போது அது பிடித்து நிறுத்துவது சுமார் 53 வோல்ட்டில். அப்படியானால் 40 வோல்ட் கன்வெர்ட்டர் செத்துவிடும். அதே சில்லில் எச்வி என்று ஒரு வகை உண்டு, 60 வோல்ட் தாங்கும். அதை வாங்குங்கள். போர்டில் உள்ள கபாசிட்டரில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள், பல போர்டுகளில் 35தான். அதே காரணத்தால் ஐஎன்ஏ226-இன் வோல்ட் காலுக்கும் நேராகக் கொடுக்காமல் ரெசிஸ்டர் வைத்துப் பாதியாக்கிக் கொடுக்கிறேன். தரவுத்தாளைத் திறந்து எண்ணைப் பார்த்த பிறகே எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 21

படகு கரையில் பழுதுபார்க்கும் ஸ்லிப்பில் ஏறிவிட்டது. கீழே பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை நடக்கிறது, மேலே நான் பழைய பெட்டியைக் கழற்றினேன்.

திறந்ததும் மனசு விட்டுப்போனது. போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. இத்தனைக்கும் தண்ணீர் புகாது என்று சொல்லும் ஐபி67 பெட்டி, ரப்பர் சுற்றிய மூடி. எப்படி உப்பு உள்ளே போனது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

இன்ஜின் அறையில் பெட்டி சூடாகும், உள்ளே காற்று விரியும். மேலே தளத்தில் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது இடுக்கு வழியாக ஒழுகி பெட்டிமேல் விழும். பெட்டி சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். ரப்பர் ஓரத்தில் நிற்கும் உப்புத் தண்ணீரைத்தான் அது இழுக்கிறது. தினமும் ஒரு சொட்டு என்றாலும் ஐந்து மாதத்துக்குப் போதும். இப்போது காற்று மட்டும் போகும், தண்ணீர் போகாத சின்ன வென்ட் திருகு ஒன்றைப் பெட்டியின் அடியில் போட்டிருக்கிறேன். ஒயர் எல்லாம் அடிப்பக்கமாகவே நுழைகிறது. நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலே ஏறுகிறது. ஒயர் வழியாக வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

இன்னொரு குற்றவாளி சிலிக்கான் பசை. காயும்போது காடி வாடை அடிக்கும் வகை ஒன்று உண்டு, கடையில் கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் தருவார்கள். அதிலிருந்து வரும் அமிலம் செம்பைத் தின்னும். மூடிய பெட்டிக்குள் நான் அதைத்தான் தாராளமாகப் பூசியிருந்தேன். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். போர்டுக்கு மேலே, ஈரம் படாமல் மூடும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே இரண்டு கை. கனெக்டர் வாய்களை டேப் வைத்து மூடிவிட்டு அடியுங்கள்.

ஒயர்: பழைய ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே ஒரு முழம் தூரத்துக்குக் கறுப்பு. வண்டிக்குப் போடும் சாதா செம்பு ஒயர். நுனியில் நுழைந்த ஈரம் இழைகளுக்கிடையே ஊர்ந்து போயிருக்கிறது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் விலை கூடுதல்தான். படகுக்கு அதுதான்.

ஏப்ரல் 22

"ஒயர் முனையை இடுக்கியால் நசுக்கும் கிரிம்பை விட, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர்தானே உறுதி?" மேசைமேல் சரி, ஆடும் படகில் இல்லை. சால்டர் ஊறிய இடம் கம்பி போல் விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில் இன்ஜின் அதிர்வுக்கு இழைகள் ஒவ்வொன்றாக அறும். நல்ல கிரிம்ப் இடுக்கி ஒன்று வாங்குங்கள். மேலே, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய்.

மே 3

வெப்பம். டிஎஸ்18பி20 சென்சாரைத்தான் வைக்கிறேன். மூன்று ஒயர், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான். ஒரே ஒயரில் நான்கைந்து சென்சாரைத் தொங்கவிடலாம். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், 125 டிகிரிக்கு மேல் அது தாங்காது. அங்கே அதிக சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள்தான் சரி.

எங்கே வைப்பது என்பதைச் சொல்கிறேன். ஒன்று சிலிண்டர் ஹெட் உலோகத்தின் மேல், கிளாம்ப் போட்டு இறுக்கி. கூலிங் தண்ணீருக்குள் மட்டும் வைத்தால், தண்ணீரே ஓடிப்போன நாளில் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு "சூடு குறைவு" என்று சொல்லும். இரண்டாவது, கடல் தண்ணீர் குளிரூட்டிவிட்டு வெளியே போகும் குழாயின் மேல். அந்தத் தண்ணீரை இறைக்கும் பம்பின் இம்பெல்லர் இறகு உடைந்தால் முதலில் மாறுவது அந்த இடம்தான்.

போன வருடம் ஒரு வேடிக்கை நடந்தது. தினமும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் சிவப்பு லைட் எரிந்து அணையும். பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்த இன்ஜின், 85 டிகிரி என்று காட்டுகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் அதை "சாமி விளக்கு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காரணம்: இந்தச் சென்சாருக்குக் கரண்ட் போய் வந்தால், அளந்து முடிக்கும் வரை அதன் வாயில் இருக்கும் எண் 85தான். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் விழுகிறது, சென்சார் மறுபடி எழுகிறது, 85 சொல்கிறது. அதனால் சரியாக 85.0 என்று வந்தால் தூக்கிப் போட்டுவிடும்படி புரோகிராமில் எழுதிவிட்டேன்.

மே 4

நேற்று சொன்னதை ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார்: "உண்மையிலேயே 85 டிகிரி ஆனால்?" நியாயமான கேள்வி. ஓடும் இன்ஜினுக்கு 85 நடக்கக்கூடிய சூடுதான். திருத்திவிட்டேன். முந்தைய அளவிலிருந்து ஒரே தாவலாக 85.0 வந்தால் மட்டும் ஒதுக்கும். 83, 84 என்று ஏறி வந்த 85 என்றால் ஏற்கும். மூன்று அளவு தொடர்ந்து எல்லைக்கு மேல் நின்றால்தான் லைட். அந்தச் "சாமி விளக்கு" பேச்சு எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பொய்யாக எரியும் விளக்கைப் பழகிவிட்டவர்கள் நிஜமாக எரியும்போது திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மே 17

இடம் காட்டுவது பற்றி நிறைய கேள்வி. படகில் ஏற்கெனவே ஜிபிஎஸ் பெட்டியோ மீன் பார்க்கும் எக்கோவோ இருந்தால், பின்னால் என்எம்இஏ 0183 (படகுக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது முறை) ஒயர் ஒன்று வருகிறதா பாருங்கள். நொடிக்கு 4800 பிட் வேகத்தில் எழுத்து வரிகளாக இடம், வேகம், நேரம் எல்லாம் கொட்டும். நேராக இஎஸ்பி32-இல் செருகாதீர்கள், அது 3.3 வோல்ட் போர்டு. நடுவில் ஆப்டோகப்ளர் வையுங்கள், இரண்டு பக்கத்தின் கரண்டும் கலக்காமல் ஒளி வழியாகச் செய்தியை மட்டும் கடத்தும் சில்லு அது.

அந்த வரியில் அட்சரேகை 0847.4 என்பது போல வரும். அது 8 டிகிரி 47.4 நிமிடம். 47.4-ஐ 60-ஆல் வகுத்து 8-ஓடு கூட்டினால் 8.79 டிகிரி. இதை 8.474 என்று படித்துவிட்டு, துறைமுகத்தில் நிற்கும் படகை வரைபடத்தில் திருச்செந்தூர் பக்கத்தில் காட்டினேன். கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் பிசகு. சித்தி பார்த்துவிட்டு, "நல்லது, முருகனைக் கும்பிட்டுட்டு வரட்டும்" என்றார்.

மண்டபத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், இலங்கைக் கடல் எல்லைக்கோடு நெருங்கினால் இந்தப் பெட்டி எச்சரிக்குமா என்று. எழுதலாம், நான்கு வரி புரோகிராம்தான். ஆனால் வேண்டாம் என்று கைகூப்பிச் சொல்கிறேன். நம் பெட்டி தவறினால் பம்புக் கணக்கில் ஒன்று கூடும். எல்லையில் தவறினால் ஆட்கள் சிறையில், படகு போகும், அதைவிட மோசமும் நடக்கும். அதற்கு அரசு கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு என்று தொடங்கிய திட்டம். செயற்கைக்கோள் வழியே இரண்டு பக்கமும் செய்தி போகும், செல்போனோடு இணைத்துப் பார்க்கலாம். அதைக் கழற்றாதீர்கள், அதன் ஒயரில் நம் பெட்டிக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். 2017 ஒக்கி புயலில் தூரக்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சேர்க்க வழியில்லாமல் தவித்த கரை இது. கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் பாதுகாப்பு எண் 1093. பெட்டி மூடியின் மேல் இரண்டையும் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

மே 18

மறந்துவிட்டேன்: தடைக்காலத்தில் பெட்டியின் சுவிட்சை அணையுங்கள். வைஃபையோடு ஓடும் போர்டு 24 வோல்ட் பாட்டரியில் இழுப்பது சுமார் 26 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி. ஒன்றுமில்லை போலத்தான் தெரியும். சார்ஜ் ஏறாமல் 61 நாள் நின்றால் 38 ஆம்பியர் மணி. இப்போது வைஃபை எப்போதும் ஓடுவதில்லை. பெட்டியில் பித்தானை அமுக்கினால் பத்து நிமிடம் எழும், செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 12

படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. பம்புக் கணக்கு முதல் ராத்திரி: 212 தடவை!

சித்தப்பாவிடம் சொன்னேன். "பலகை ரெண்டு மாசம் வெயில்ல காஞ்சிருக்கு, ஊறட்டும்" என்றார். ஊறட்டும், சரி. ஆனாலும் 212?

ஜூன் 13

பாதிக்கு மேல் பேய்க்கணக்கு. பம்புக்கு 24 வோல்ட் போவதை பிசி817 ஆப்டோகப்ளர் வழியாகப் பார்க்கிறேன். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், எதிர்த்திசையில் ஒரு டையோடு, எல்லாம் சரி. ஆனால் அதன் வெளியீட்டை 34-ஆம் காலில் கொடுத்திருந்தேன். இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரை உள்ள கால்களுக்கு உள்ளே புல்-அப் (சிக்னல் இல்லாதபோது காலை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. புரோகிராமில் கேட்டாலும் வராது. கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, பக்கத்து ஒயரின் இரைச்சலையெல்லாம் எண்ணியிருக்கிறது. வெளியே 10 கிலோ ஓம் போட்டேன்.

கூடவே, படகு ஆடும்போது, தண்ணீர் ஏறினால் பம்பை ஓட்டும் மிதவை சுவிட்ச் துள்ளித் துள்ளி ஓரிரு நொடி ஓட்டம் நிறைய வருகிறது. ஐந்து நொடிக்குக் குறைந்த ஓட்டத்தை எண்ணாதே என்று எழுதினேன். நேற்றிரவு: 31.

மிதவைக்குப் பதிலாக இரண்டு ஒயரைத் தோல் சீவித் தண்ணீரில் விட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: போன வருடம் விட்டேன். ஒன்பது நாளில் ஒரு ஒயர் கரைந்தே போனது. உப்புத் தண்ணீர், நேர் மின்சாரம், செம்பு மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான். பக்கத்தில் புரொப்பல்லரும் ஷாஃப்டும் இருக்கின்றன, அவற்றையும் அரிக்கும்.

ஜூன் 19

31, 22, 14, 9, 6, 4. பலகை ஊறிவிட்டது. சித்தப்பா அனுபவத்தில் சொன்னது அப்படியே எண்ணாக இறங்கி வருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவரும் காலையில் வந்து, "கணக்கப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

ஜூலை 5

தடவை மட்டும் எண்ணினால் போதும் என்று ஏப்ரலில் எழுதினேன். போதாது. இந்த வாரம் தடவை அதே 4, ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் 40 நொடியிலிருந்து இரண்டு நிமிடமாக நீண்டது. தண்ணீர் கூடவில்லை. பம்பின் வாயில் நைலான் வலைத் துணுக்கு சுற்றியிருந்தது. தடவை கூடினால் ஒழுக்கு, நிமிடம் மட்டும் கூடினால் பம்பு அடைப்பு. இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஜூலை 24

தடவை ஏறுகிறது. 4, 5, 5, 7, 8. ஓட்டம் அதே 40 நொடி. மழை இல்லை.

ஜூலை 27

11. இன்று ஞாயிறு, படகு துறையில் கட்டி நின்றது. சித்தப்பாவும் நானும் டார்ச் அடித்துக்கொண்டு அறைக்குள் இறங்கினோம். பலகை இடுக்குகள் உலர்ந்திருந்தன. ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில், தண்ணீர் வராமல் கயிறு சுற்றி அடைத்திருக்கும் கிளாண்டிலிருந்து தண்ணீர் நூல் பிடித்தது போல ஓடிக்கொண்டிருந்தது. ஷாஃப்ட் நிற்கும்போது சொட்டக்கூடாது, ஓடும்போது ஒன்றிரண்டு சொட்டு இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நட்டை இறுக்கிப் பார்த்தார், இறுக்க இடமே இல்லை. உள்ளே கயிறு தேய்ந்து தீர்ந்துவிட்டது.

கடலில் ஓடும்போது இன்ஜினோடு சேர்ந்த பம்பு தண்ணீரை இழுத்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. துறையில் கட்டி நிற்கும் ராத்திரிக் கணக்கில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 2

கிளாண்ட் கயிறு ஐந்து சுற்று மாற்றியாயிற்று, ஒவ்வொரு சுற்றின் வெட்டும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக வரும்படி. நேற்றிரவு 3.

நாகைக்காரர் நேற்று தன் பெட்டியின் படம் அனுப்பியிருந்தார். ஒயர் நுழையும் துளை மேல்பக்கம் இருக்கிறது. தம்பி, அதைத் திருப்பி மாட்டுங்கள். வெள்ளை ஒயர் ஐந்தும் ஒன்றுபோல் இருக்கின்றன, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் எண் எழுதி மேலே கண்ணாடி ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். இரவில் ஆடும் அறையில் கழற்றி மாட்டப்போவது நீங்கள் இல்லை, உங்கள் ஸ்ராங்கு.